கண்ணாடித் துடைப்பானின் மின்மோட்டர்: இயக்கமும் உடைமையும்

இயந்திரம் என்னும் சொல் நமது முற்போக்கு இலக்கிய விமரிசனத்தில் நெடுங்காலமாகப் பயின்று வருவது. இயந்திர யுகம், இயந்திரமயமான வாழ்வு, மனிதனை விழுங்கும் இயந்திரம் என்றெல்லாம் எழுதி வருகிறோம். ஒரு சாரார் அதனை மானுட விடுதலையின் குறியீடாகக் கொள்வர். மற்றொரு சாரார் மானுடச் சிதைவின் குறியீடாகக் கொள்வர். இரு சாராருக்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு. எந்த இயந்திரத்தையும் திறந்து பாராமலே அதனைக் குறியீடாக்கிவிடுகின்றனர். பொருள்முதல்வாதிகள் எனத் தம்மைக் கூறிக்கொள்வோருக்கு இது பெருமை தருவதன்று. இக்கட்டுரையாசிரியனும் இக்குறைக்கு விலக்கானவன் அல்லன்.

எனவே, எவரும் நாள்தோறும் காணும் சிறியதோர் இயந்திரத்தை இங்கு திறந்து பார்க்க முற்படுகிறோம். மோட்டார் வண்டியின் முகப்புக் கண்ணாடியில் விழும் மழைநீரைத் துடைக்கும் துடைப்பானை (வைப்பர் என்பதே பெருவழக்கு) இயக்கும் மின்மோட்டரே அது. இதனைத் தெரிவு செய்தமைக்குக் காரணம் இரண்டு. இயந்திரம் பற்றி மார்க்ஸ் செய்த பகுப்பை ஓர் உள்ளங்கையளவிலே இதில் கண்டுகொள்ளலாம் என்பது ஒன்று. ஒரு கண்டுபிடிப்பு யாருக்குரியது என்னும் வினா இச்சிறு கருவியை முன்னிட்டு அமெரிக்க நீதிமன்றங்களில் 1978 தொடக்கம் 1995 வரை வழக்காடப்பட்டது என்பது மற்றொன்று. அவ்வழக்கிற் கூறப்பட்ட வாதங்களை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், முதலில் மோட்டர் எவ்வாறு இயங்குகின்றது என்பதை விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

1. கையிலிருந்து கருவிக்கு

1867 இல் வெளிவந்த மூலதனம் முதலாம் பாகத்தில், வளர்ச்சியுற்ற இயந்திரம் எதனையும் மார்க்ஸ் மூன்று உறுப்புகளாகப் பகுத்து நோக்குகிறார். இயக்குவிசையைத் தருவது முதலாவது. அவ்விசையை வேண்டிய வடிவிற்கு மாற்றி எடுத்துச் செல்வது இரண்டாவது. பொருளைத் தொட்டு வேலை செய்யும் கருவி மூன்றாவது. கைத்தொழிற் புரட்சி முதலாவது உறுப்பில் அன்றி மூன்றாவது உறுப்பிலேயே தொடங்கிற்று என்பது அவர் வாதத்தின் சாரம். மனிதன் கையிலிருந்த கருவி முதலில் ஒரு பொறியமைப்புக்குக் கைமாறுகின்றது. மனிதன் வெறும் இயக்குவிசையாக எஞ்சுகிறான். பின்னர் அந்த இடத்தையும் நீரோ நீராவியோ மின்னோ பிடித்துக்கொள்கின்றது.

துடைப்பானின் வரலாறு இவ்வொழுங்கிலேயே நடந்துள்ளமை நோக்கத்தக்கது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி அண்டர்சன் என்னும் பெண்மணி, குளிர்காலத்தில் நியூயோர்க் நகரில் ட்ராம் வண்டியிற் பயணம் செய்தபோது, பனி படிந்த கண்ணாடியினூடாகப் பார்க்கவியலாது சாரதி பட்ட இடரைக் கண்டார். அவர் வகுத்த கருவிக்கு 1903 நவம்பர் 10ஆம் திகதி காப்புரிமை வழங்கப்பட்டது. வண்டியினுள்ளே இருந்த பிடியைச் சாரதி திருப்ப, வெளியே இறப்பர் பொருத்திய கையொன்று கண்ணாடியைத் துடைத்தது. கருவி உண்டு, செலுத்தமைப்பும் உண்டு. இயக்குவிசை மட்டும் சாரதியின் கை. 1905 இல் கனேடிய நிறுவனமொன்று இதற்கு வணிகப் பெறுமதி இல்லையென மறுத்தது. காப்புரிமையின் 17 ஆண்டுகளும் கழிந்தன. மோட்டார் வண்டிகள் பெருகிய காலத்தில் அவருக்குரிய உரிமை காலாவதியாகியிருந்தது.

கையின் இடத்தை மின் பிடிப்பதற்கான முயற்சி 1917 இலேயே தொடங்கிவிட்டது. அவ்வாண்டு சார்லொட் பிரிட்ஜ்வூட் என்னும் பெண்மணி மின்னால் இயங்கும் உருளைத் துடைப்பானுக்குக் காப்புரிமை பெற்றார். வணிகத்தில் அது வெற்றி பெறவில்லை. ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1926 இல் மின் துடைப்பானை வெளியிட்டது. ஆயினும் அமெரிக்காவில் நெடுங்காலம் கோலோச்சியது மின் அன்று. எஞ்சின் காற்றை உள்ளிழுக்கையில் உண்டாகும் வெற்றிடமே அங்கு பெரும்பாலான துடைப்பான்களை இயக்கியது. அதற்குத் தனிச் செலவு குறைவு. ஆனால் அதன் குறை கொடியது. மேட்டில் ஏறவோ முன்னே செல்லும் வண்டியைக் கடக்கவோ சாரதி விசைமிதியை அழுத்தும்போது வெற்றிடம் குறைந்துவிடும்; துடைப்பான் தளர்ந்து நின்றுவிடும். பார்வை மிகவும் வேண்டப்படும் கணத்திலேயே கண்ணாடி மூடிக்கொள்ளும். பிரித்தானிய போர்ட் அங்கிலியா வண்டியிலும் 1959 வரை இவ்வமைப்பே இருந்தது. 1968 இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதியொன்று, எஞ்சினின் வேகமும் சுமையும் எவ்வாறிருப்பினும் துடைப்பான் ஒரு நிலையில் நிமிடத்துக்குக் குறைந்தது 45 தடவையேனும் சென்று மீளல் வேண்டும் என வரையறுத்தது. எஞ்சினிற் சாராத ஓர் இயக்குவிசையை இது வேண்டி நின்றது. மின்மோட்டர் அத்தகையது.

2. மோட்டரின் உள்ளே

உருக்குக் கூட்டைத் திறந்தால், அதன் உட்சுவரிலே வளைந்த காந்தத் துண்டுகள் எதிரெதிராக ஒட்டப்பட்டிருக்கும். இவை பெரைற்று எனப்படும் மட்பாண்டம் போன்ற பொருளாலான நிலைக்காந்தங்கள். பழைய மோட்டர்களில் இவற்றின் இடத்தில் மின்காந்தச் சுருள்கள் இருந்தன. நடுவே சுழல்வது ஆமேச்சர். மென்னுருக்குத் தகடுகளை அடுக்கிச் செய்த உருளையின் தவாளிப்புகளில் செப்புக் கம்பிச் சுருள்கள் சுற்றப்பட்டிருக்கும். அதன் ஒரு முனையில், ஒன்றோடொன்று தொடாத செப்புத் துண்டங்களாலான வளையம் உண்டு. பாடநூல்கள் இதனைத் திசைமாற்றி என்னும். அவ்வளையத்தின் மீது காபன் தூரிகைகள் உராய்ந்துகொண்டிருக்கும்.

காந்தப்புலத்தில் உள்ள கம்பியினூடாக மின் பாய்ந்தால் கம்பி தள்ளப்படும் என்பதே அடிப்படை. சுருளின் ஒரு பக்கம் மேலும் மறுபக்கம் கீழுமாகத் தள்ளப்படுவதால் ஆமேச்சர் திரும்புகின்றது. ஆனால் அரைச் சுற்று முடிந்ததும் பக்கங்கள் இடம் மாறிவிடும். மின்னோட்டம் அதே திசையிற் பாய்ந்தால் தள்ளுகை எதிர்த்திசையாகி, ஆமேச்சர் முன்னும் பின்னுமாக ஆடி ஓய்ந்துவிடும். அக்கணத்திலேயே தூரிகை அடுத்த செப்புத் துண்டத்துக்கு மாறிச் சுருளில் மின்னோட்டத்தின் திசையைப் புரட்டிவிடுகின்றது. தள்ளுகை ஒரே திசையில் நீடிக்கின்றது. திசைமாற்றி என்னும் பெயர் இதனால் வந்தது.

சுழலும் சுருள் காந்தப்புலத்தை வெட்டுவதால் அதிலேயே ஒரு மின்னியக்கவிசை பிறக்கின்றது. அது பற்றரியின் விசைக்கு எதிரானது. வேகம் கூடுந்தோறும் எதிர்விசையும் கூடும். பாயும் மின்னோட்டம் குறையும். கண்ணாடி காய்ந்து உராய்வு மிகுந்தால் வேகம் தளரும், எதிர்விசை குறையும், மின்னோட்டம் கூடும், சுழற்றும் வலுவும் கூடும். தன் இயக்கத்தால் தனக்கே எதிர்ப்பைப் பிறப்பித்து, அவ்வெதிர்ப்பினாலேயே மோட்டர் தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்கின்றது. துடைப்பான் எங்கேனும் சிக்கி மோட்டர் அசையாது நின்றுவிட்டாலோ எதிர்விசை பூச்சியம், மின்னோட்டம் உச்சத்தை அடையும், சுருள் எரியக்கூடும். வெப்பம் மிகுந்தால் மின்சுற்றைத் துண்டிக்கும் சிறு ஆளி பல மோட்டர்களில் வைக்கப்படுவது இதற்காகவே.

இரு வேகங்கள் எவ்வாறு பெறப்படுகின்றன? பெரும்பாலான மோட்டர்களில் மூன்று தூரிகைகள் உண்டு. இரண்டு நேரெதிரே இருப்பவை. இவற்றினூடாக மின் பாயும்போது குறைந்த வேகம். மூன்றாவது சற்று விலகி அமைந்தது. அதனூடாக மின் புகும்போது, எதிர்விசையைப் பிறப்பிக்கும் பயனுறு சுற்றுகளின் எண்ணிக்கை குறைந்துவிடுகின்றது. குறைந்த சுற்றுகள் அதே எதிர்விசையைத் தர வேண்டுமாயின் ஆமேச்சர் விரைந்து சுழல வேண்டும். ஒரு தூரிகையின் இடத்தை மாற்றியமைத்ததன் விளைவே அதிவேகம்.

3. சுழற்சி ஊசலாட்டமாதல்

ஆமேச்சர் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழல்வது. துடைப்பானுக்கு வேண்டியதோ சில பத்துகள். இவ்விடைவெளியை நிரப்புவது புழுப்பற்சில்லு. ஆமேச்சர்த் தண்டின் நீட்சியில் திருகாணிப் புரி போல ஒரு புரி வெட்டப்பட்டிருக்கும். அது ஒரு தடவை சுழல, அதனோடு பொருந்திய பற்சில்லு ஒரு பல் மட்டுமே நகரும். சில்லில் 60 பற்கள் இருப்பின், நிமிடத்துக்கு 2700 சுற்று 45 சுற்றாகக் குறையும். வேகத்தில் இழந்தது திருப்புவலுவாகத் திரும்பக் கிடைக்கும். உராய்வு அதிலொரு பங்கை உண்டுவிடும். காற்று துடைப்பானை எதிர்த்துத் தள்ளினாலும், சில்லு புரியைப் பின்னோக்கிச் சுழற்றுவது எளிதன்று என்பது மற்றொரு பயன்.

பற்சில்லின் தண்டில் ஒரு குறுங்கை பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து செல்லும் கோல், துடைப்பான் தண்டிலுள்ள நீண்ட நெம்பினைத் தள்ளியும் இழுத்தும் ஆட்டுகின்றது. குறுங்கை முழுவட்டம் சுற்ற, நெம்பு ஒரு தடவை சென்று மீள்கின்றது. காலால் மிதிக்கும் தையல் இயந்திரத்தை அறிந்தவர்க்கு இது புதிதன்று. அங்கே காலின் ஊசலாட்டம் சில்லின் சுழற்சியாகின்றது. இங்கே சுழற்சி ஊசலாட்டமாகின்றது. துடைப்பான் திசை மாறும்போது மோட்டர் திசை மாறுவதில்லை. நமது வீதிகளில் இன்றும் ஓடும் மொறிஸ் மைனர் 1000 வண்டியில் கோல்களுக்குப் பதிலாக, குழாயினுள் முன்னும் பின்னும் நகரும் பல்வடம் ஒன்று துடைப்பான் தண்டுகளின் சிறு சில்லுகளைத் திருப்புகின்றது. வடிவம் வேறு, தத்துவம் ஒன்றே.

4. நிற்கும் இடம்

மேற்கூறியவற்றில் மார்க்ஸ் கூறிய மூன்று உறுப்புகளும் அடங்கிவிடுகின்றன. ஆனால் துடைப்பானில் நான்காவது ஒன்றும் உண்டு. கண்டி வீதியிலுள்ள ஒரு சிறு வாகனத் திருத்தகத்திலேயே அதனை முதன்முதலிற் கண்டேன். பழுதுற்ற மோட்டர் ஒன்றின் மூடியைக் கழற்றிய தொழிலாளி, பற்சில்லின் முகத்திற் பதித்திருந்த செப்புத் தகட்டைச் சுட்டிக்காட்டி, "இதுக்கு நிக்க வேண்டிய இடம் தெரியும், சேர்" என்றார். இதனை விடத் தெளிவாக அதனை விளக்குதல் அரிது.

சாரதி ஆளியை நிறுத்தியதும் துடைப்பான் கண்ணாடியின் நடுவே நின்றுவிட்டால் பார்வையை மறைக்கும். எனவே நிறுத்திய பின்னரும், செப்புத் தகட்டின் மீது உராயும் தொடுமுனை வழியாக மோட்டருக்கு மின் சென்றுகொண்டிருக்கும். துடைப்பான் கீழ்விளிம்பை அடையும் கணத்தில் தொடுமுனை தகட்டின் வெட்டப்பட்ட பகுதிக்கு வந்து சேர்கின்றது, மின் துண்டிக்கப்படுகின்றது. ஆயினும் சுழன்ற வேகத்தில் ஆமேச்சர் அவ்விடத்தைக் கடந்து ஓடினால், தொடுமுனை மறுபடி தகட்டைத் தொட்டு, துடைப்பான் ஓயாது ஓடிக்கொண்டேயிருக்கும். அதனைத் தடுக்க, மின் துண்டிக்கப்படும் இடத்திலேயே ஆமேச்சரின் இரு தூரிகைகளும் வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டு ஒரு மூடிய சுற்றாகின்றன. அக்கணம் மோட்டர் மின்பிறப்பாக்கியாக மாறுகின்றது. அது பிறப்பிக்கும் மின்னே அதன் சுழற்சியை எதிர்த்து நிறுத்திவிடுகின்றது. இயக்கத்தின் போது ஒழுங்குபடுத்திய அதே எதிர்விசை, இங்கு தடுப்பாகத் தொழிற்படுகின்றது.

விசை, செலுத்தமைப்பு, கருவி என்பவற்றோடு கட்டுப்பாடு என்பதும் இயந்திரத்தின் உறுப்பாகிவிட்டமையை இது காட்டும். கையின் வலுவை மட்டுமன்றி, எங்கே நிறுத்துவது என்னும் கவனத்தையும் இயந்திரம் தன்வயமாக்கிக்கொண்டது.

5. இடைவேளை

எப்போது துடைப்பது என்னும் கவனம் எஞ்சியிருந்தது. தூறலில் துடைப்பான் ஓயாது ஓடினால் காய்ந்த கண்ணாடியில் உராயும்; நிறுத்தினால் நீர் திரளும். டெற்றொயிற் நகரின் வெய்ன் அரச பல்கலைக்கழகத்திற் கற்பித்த பொறியியலாளர் றொபேர்ட் கேர்ன்ஸ் இதற்குத் தீர்வு கண்டார். 1953 இல் திருமண இரவில் மதுப்போத்தலின் அடைப்பான் பட்டு அவரது இடது கண் பழுதடைந்திருந்தது. இமை இடைவிட்டு இமைப்பதைப் போலத் துடைப்பானும் இடைவிட்டு இயங்கலாம் என்று அவர் கருதினார். 1964 இல் விண்ணப்பித்த அவருக்கு 1967 இல் காப்புரிமை கிடைத்தது.

அமைப்பு எளியது. ஒரு தடையியினூடாகக் கொள்ளளவி ஒன்று மெல்ல மின்னேற்றம் பெறுகின்றது. குறித்த வோல்ற்றளவை எட்டியதும் திரான்சிற்றர் ஆளியாகத் தொழிற்பட்டு மோட்டரைத் தொடக்கிவிடுகின்றது. ஒரு சிறு தூண்டலே போதும். துடைப்பான் ஒரு தடவை சென்று மீண்டு, முற்கூறிய செப்புத் தகட்டால் தானே நிறுத்தப்படும். கொள்ளளவி வெறுமையாகி மறுபடி மின்னேறத் தொடங்கும். தடையையும் கொள்ளளவையும் பெருக்கினால் காலம் கிடைக்கும்: 50 கிலோ ஓம், 100 மைக்ரோ பரட்டு எனின் 5 செக்கன், அக்கால அளவில் ஏறத்தாழ 63 வீதம் மின்னேறும். தடையை மாற்றும் குமிழைத் திருப்ப இடைவேளையும் மாறும். இன்று கண்ணாடியினுள்ளே செந்நிறக்கீழ் ஒளியைத் தெறிக்கச் செய்து, நீர்த்துளியால் அவ்வொளி குறைவதை அளந்து, மழையின் அளவைத் தானே அறியும் அமைப்புகளும் வந்துவிட்டன.

6. யாருக்குரியது?

கேர்ன்ஸ் தமது கருவியை 1963 இல் போர்ட் கொம்பனிக்குக் காட்டினார். உடன்பாடு எதுவும் நிறைவேறவில்லை. 1969 இல் போர்ட் இடைவிட்டு இயங்கும் துடைப்பான்களை வெளியிட்டது. பிற கொம்பனிகளும் தொடர்ந்தன. 1978 இல் அவர் போர்ட்டுக்கு எதிராகவும், 1982 இல் கிறைஸ்லருக்கு எதிராகவும் வழக்குத் தொடுத்தார். 1990 இல் போர்ட் அவரது காப்புரிமையை மீறியது, ஆயினும் வேண்டுமென்றே மீறவில்லை என நடுவர்குழு தீர்ப்பளித்தது. 10.2 மில்லியன் டொலருடன் அவ்வழக்கு முடிவுற்றது. கிறைஸ்லரும் 1992 இல் தோற்றது. 1995 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அதன் மேன்முறையீட்டை ஏற்க மறுத்தது. வேறு பல கொம்பனிகளுக்கு எதிரான வழக்குகள், தவணை தவறியமையால் தள்ளப்பட்டன. இதற்கிடையே அவரது மணவாழ்வு முறிந்தது. 2005 இல் அவர் காலமானார்.

போர்ட்டின் வாதம் நமது கவனத்துக்குரியது. தடையி, கொள்ளளவி, திரான்சிற்றர் யாவும் முன்னரே அறியப்பட்டவை. ஆகவே இங்கு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது எதுவுமில்லை என்பதே அது. இவ்வாதத்தைக் கேட்கும் மார்க்சியவாதி ஒரு கணம் தடுமாறல் கூடும். ஏனெனில், 18ஆம் நூற்றாண்டின் கண்டுபிடிப்புகளில் தனியொருவருக்கு உரியவை எனக் கூறத்தக்கவை மிகச் சிலவே என்பதைத் தொழில்நுட்பத்தின் விமரிசன வரலாறு காட்டும் என மார்க்சும் கூறியுள்ளார். துடைப்பானின் வரலாறும் அதற்குச் சான்று. அண்டர்சன், பிரிட்ஜ்வூட் ஆகியோர் ஒருபுறமிருக்க, பிரித்தானிய லூக்காஸ் நிறுவனத்தின் ஜோன் ஆமோஸ் என்னும் பொறியியலாளர் இத்தகைய இலத்திரனியல் அமைப்புக்கு 1961 இலேயே காப்புரிமை கோரியிருந்தார். அவ்வாறாயின் போர்ட் கூறியது சரிதானா?

கூற்றை, அதைக் கூறியவரின் நலனிலிருந்து பிரித்து நோக்கினால் இத்தடுமாற்றம் தீராது. கண்டுபிடிப்பு சமூகத்தின் உழைப்பு என்பது உண்மை. அவ்வுண்மையைக் கொம்பனி நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தது, சமூகத்தின் உழைப்பைச் சமூகத்திடம் திருப்பித் தருவதற்காக அன்று. உரியவர் எவருமில்லை என நிறுவி, தானே விலை வைத்து விற்பதற்காக. தன் பெயரிலுள்ள காப்புரிமைகளைப் பற்றி அது அவ்வாறு வாதிப்பதில்லை. மறுபுறம், தன் உழைப்பைக் காக்க முனைந்த கேர்ன்சுக்கு, எல்லாம் தனியொருவனின் சிந்தையிற் பிறந்தது என வாதிப்பதைத் தவிரச் சட்டம் வேறு வழி விட்டுவைக்கவில்லை. இழப்பீட்டுப் பணத்தை விட, தமது துடைப்பானைத் தாமே உற்பத்தி செய்யும் உரிமையையே அவர் வேண்டி நின்றார். ஏகபோகத்தின் நடுவே சிறு உற்பத்தியாளனாக வாழ விழைந்த அக்கனவின் எல்லையை நாம் அறிவோம். அதன் நியாயத்தையும் அறிதல் வேண்டும். ஆமேச்சருக்குக் கம்பி சுற்றிய தொழிலாளர் வழக்கில் எப்பக்கத்திலும் இல்லை. 1980களின் பிற்பகுதியில் ட்ரைக்கோ என்னும் துடைப்பான் நிறுவனம் தன் உற்பத்தியின் பெரும்பகுதியைப் பஃபலோ நகரிலிருந்து மெக்சிக்கோ எல்லைக்கு மாற்றியபோது, அவர்களுடைய கருத்து எவரதும் தீர்ப்புக்கு விடப்படவில்லை.

தனியுடைமை அல்லது எவருக்கும் உரிமையின்மை என்னும் இரண்டுக்கு அப்பால் வேறு வழியில்லையா? நமது கூத்து மரபை நோக்குக. தருக்களும் தாளக்கட்டுகளும் ஊருக்குப் பொது. ஆயினும் ஓர் அண்ணாவியார் பழக்கிய கூத்து அவர் பெயராலேயே பேசப்படும். அதனால் தரு அவருக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. தரு பொதுவானது என்பதால் அவர் பெயர் மறைக்கப்படுவதுமில்லை. பொதுவானவற்றைப் புதிதாக இணைத்தலும் உழைப்பே. அதற்குரிய மதிப்பு, உடைமை என்னும் வடிவிலேயே வரல் வேண்டும் என்பதில்லை. கிராமியச் சூழலில் நிலவிய இவ்வுறவு பெருவீதக் கைத்தொழிலுக்கு அப்படியே பொருந்தும் என நாம் கூறவில்லை. பிறிதோர் உறவு சாத்தியம் என்பதையே கூறுகிறோம்.

7. கருவியின் விளிம்பு

இறுதியாக, மூன்றாவது உறுப்பைப் பற்றி ஒரு சொல். மோட்டரின் விசையனைத்தும் சென்று சேரும் இடம் மெல்லிய இறப்பர் விளிம்பு. இயற்கை இறப்பரே நெடுங்காலமாக இதற்குப் பயன்பட்டு வந்தது. 1876 இல் ஹெனரத்கொடைப் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்ட கன்றுகளிலிருந்து தொடங்கியது நமது நாட்டின் இறப்பர்ச் செய்கை. விடியலில் மழை பெய்து மரப்பட்டை நனைந்தால் பால் வெட்ட இயலாது. வெட்டும் அளவுக்கே கூலி பெறுபவருக்கு அன்றைய கூலி இல்லை. அதே மழையில் பேருந்துச் சாரதிக்கு ஓய்வில்லை. துடைப்பான் இருப்பதால் வண்டி ஓடியாக வேண்டும். மழை ஒன்றே. ஒருவரிடமிருந்து வேலையைப் பறிப்பதும் மற்றொருவருக்கு அதனை நீட்டுவதும் மழையோ மோட்டரோ அன்று. அவ்விருவரும் நிற்கும் உற்பத்தி உறவுகளே.

இயந்திரத்தைக் குறியீடாக மட்டும் கொள்ளும் எழுத்து இவ்வேறுபாட்டைக் காணாது. அது இயந்திரத்தைப் பழிக்கும், அல்லது போற்றும். மூடியைத் திறந்து பார்த்தவர்க்கு, பழிப்பதற்கோ போற்றுவதற்கோ உரியது அங்கு அதிகமில்லை. காந்தமும் செப்பும் காபனும், அவற்றை ஒழுங்குற இணைத்த பலரது உழைப்புமே உள்ளன. அவ்வுழைப்பு யாருடைய பெயரில் எழுதப்பட்டுள்ளது என்பதை ஆராய்வதே நமது பணி.